கத்தரியில் போன கடல்

எழுத்துக்காரர் என்றால் அந்த ஊரில் யாரும் கதை எழுதுகிறவரை நினைக்க மாட்டார்கள். கடைப் பலகை, லாரியின் முதுகு, மருத்துவமனைச் சுவர், பேருந்து நிலையக் கழிப்பறையில் ஆண்கள் எந்தப் பக்கம், பெண்கள் எந்தப் பக்கம் என்று எது எழுதவேண்டுமானாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது அவரைத்தான். அளவுகோல் இல்லாமல் கோடு இழுப்பார். அது நேராக இல்லையென்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது.

அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. மிச்சம் விழாது. மற்ற பெயின்டர்கள் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று ஜோராக ஆரம்பித்துவிட்டு, கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் மூலையில் மடக்கி எழுதிவைத்து மானத்தை வாங்குவார்கள். இவர் எழுதினால் பலகையின் இந்த முனை முதல் அந்த முனை வரை தைத்துப் போட்ட சட்டை மாதிரி கச்சிதமாக உட்காரும். படம் பார்த்து வரைகிற வேலை வந்தால் முதலில் செய்கிற காரியம், படத்தின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி எறிவது. ஓரம் போனால்தான் கட்டம் ஒழுங்காக வரும், அரைக்கட்டம் கால்கட்டம் என்று தொல்லை இருக்காது. "ஓரத்துல என்ன இருக்கு? வெறும் இடம். யாரு பார்க்கப் போறாங்க?" என்பார். கத்தரி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும்.

நிறம் கலப்பது அவர் மனைவி. ஊருக்கு அவள் கலர் அக்கா. அவர் எல்லைக்கோடு போட்டுக்கொண்டே போனால், பின்னாலேயே வந்து உள்ளே நிறம் நிரப்புவாள். வேலை செய்கிற நேரமெல்லாம் வாயும் வேலை செய்யும். சாரத்தில் நின்றுகொண்டு கீழே போகிறவர்கள் எல்லோரோடும் பேசுவாள், பிரஷ் மட்டும் ஒரு மயிரிழை கோட்டைத் தாண்டாது.

அவர்களுக்கு ஒரே மகன். அப்பாவைவிட நன்றாகக் கை வரும் பையன். அவன் பெயரையும் சேர்த்துப் பலகை எழுதி மாட்டவேண்டும் என்று எழுத்துக்காரர் மனதுக்குள் எழுத்தின் அளவைக்கூட முடிவு செய்து வைத்திருந்தார். அவனோ ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். மனிதருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வாசலில் நின்று கத்தினார்.

"கடல்ல என்னடா இருக்கு? வெறும் தண்ணி! ஊருன்னு உண்டா, மனுஷன்னு உண்டா? வெறும் தண்ணியைப் பார்க்கறதுக்கா போறே?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் நேர்ப்பேச்சு இல்லை. மகன் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து அம்மாவுக்கு போன் செய்வான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பிரஷ் கழுவிக்கொண்டிருப்பார். நடுநடுவே சுவரைப் பார்த்து, "சாப்பிட்டானான்னு கேளு" என்பார். "உங்கப்பா சாப்பிட்டியான்னு கேக்கறார்" என்பாள் அவள். "சாப்பிட்டேன்னு சொல்லும்மா" என்பான் அவன். "சாப்பிட்டானாம்" என்பாள். "நான் ஒண்ணும் கேக்கலையே" என்பார் இவர். கலர் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படி இருக்கையில்தான் தண்ணீர்த் தொட்டி வேலை வந்தது.

ஊருக்கு நடுவில் நீரேற்று நிலையம். அங்கே தரையிலிருந்தே எழும்புகிற வட்டமான கான்கிரீட் தொட்டி, இரண்டு மாடி உயரம், சுற்றி வந்தால் ஒரு சின்னத் தெரு நீளம் இருக்கும். நாலு பக்கமும் நாலு தெரு. புதிதாக வந்த இன்ஜினியர் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். தொட்டி அழுக்குப் பிடித்து நிற்கிறதே, அதைச் சுற்றி உலகப்படம் வரைந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்குமே என்று மேலிடத்தில் வாயைக் கொடுத்துவிட்டார். மேலிடமும் சரி என்று சொல்லி, திறந்துவைக்கப் பெரிய மனிதர் ஒருவரைக் கூட்டிவர நாளும் குறித்துவிட்டது. வாயைக் கொடுத்தவர் ஒரு பெரிய உலகப்படத்தை வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுத்துக்காரரிடம் ஓடிவந்தார்.

"இதை அப்படியே பெருசாக்கி தொட்டியைச் சுத்தி வரையணும். முடியுங்களா?"

"பெருசாக்கறது என்ன பெரிய வித்தை சார்? கட்டம் போட்டா ஆச்சு."

படத்தைத் தரையில் விரித்தார்கள். இடது பக்கம் அமெரிக்கா இரண்டும், நடுவில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும், வலது பக்கம் ஆசியா, அதன் கீழே ஆஸ்திரேலியா, அடியில் நெடுக அண்டார்டிகா. ஆஸ்திரேலியாவைத் தாண்டி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் நீலம். மேல் மூலையில் பனிக்காட்டு நிலம் கொஞ்சம் வால் மாதிரி நீண்டிருந்தது, கீழே இரண்டு சின்னத் தீவுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுத்துக்காரர் தொட்டியின் சுற்றளவை நூல் பிடித்து அளந்தார், கட்டம் கணக்குப் போட்டார். கடைசியில் கொஞ்சம் இடித்தது. கத்தரியை உருவினார். ஆஸ்திரேலியாவை ஒட்டி மேலிருந்து கீழே ஒரே வெட்டு. கட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது. வெட்டிய துண்டு நிறம் தொட்டுப் பார்ப்பதற்கு ஆகும் என்று பெயின்ட் டின்னுக்கு அடியில் போனது.

வேலை ஆரம்பித்த முதல் நாளே அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நிலநடுக்கோடு முதலில் வேண்டும் என்று தண்ணீர் மட்டக் குழாய் பிடித்துத் தொட்டியின் இடுப்பில் புள்ளி வைத்துக்கொண்டே போனார், நூல் தட்டி புள்ளிகளைச் சேர்த்தார். கோடு போய்க்கொண்டே இருந்தது. ஆப்பிரிக்கா வரவேண்டிய இடத்தில் தொடங்கி நாலு தெருவையும் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, ஒரு நூல் பிசகாமல் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ கோடு போட்ட மனிதர், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட எந்தக் கோட்டுக்கும் இரண்டு முனை இருந்தது. இதற்கு முனையே இல்லை.

"இந்தா, இங்க வந்து பாரு. இது எங்க ஆரம்பிச்சுது சொல்லு பார்க்கலாம்?"

கலர் அக்கா சுற்றி வந்து பார்த்தாள். "நீங்க எங்க ஆரம்பிச்சீங்களோ அங்கதான்" என்றாள். அவளுக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

ஆப்பிரிக்கா பெரிய தெருவைப் பார்த்து நின்றது. கண்டம் கண்டமாக நிறம் நிரப்பத் தொடங்கியதும் அடுத்த சிக்கல் வந்தது. ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு நிறம் என்று முடிவாகியிருந்தது. கலர் அக்கா ஐரோப்பாவுக்குச் செங்கல் நிறம் அடித்துக்கொண்டே போனவள், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சாரத்திலிருந்து கத்தினாள்.

"ஏங்க, இதுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல தண்ணியே இல்லையே! ஒரே நிலமால்ல போகுது? எங்க நிறுத்தறது?"

இன்ஜினியர் கீழே நின்றுகொண்டிருந்தார். "நடுவுல யூரல்னு ஒரு மலைத்தொடர் இருக்கும்மா. அதுதான் எல்லைன்னு வெச்சிருக்காங்க."

"வெச்சிருக்காங்கன்னா? யாரு வெச்சாங்க?"

"மனுஷங்கதான்."

"அப்ப மண்ணுக்கு அது தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவள் மலையோரம் வரை நிறத்தை இழுத்து நிறுத்தினாள். இன்ஜினியர் அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? அவரவர் வாசலுக்கு எதிரே எந்த நாடு வருகிறது என்று ஒரே களேபரம். சந்தைத் தெருவுக்கு ஆசியா கிடைத்தது, பள்ளிக்கூடத் தெருவுக்கு அமெரிக்கா. அடியிலிருந்த அண்டார்டிகாவுக்கு ஒரு தெருநாய் தினமும் வந்து காலைத் தூக்கிவிட்டுப் போனது. பின்தெருதான் பாவம். அங்கே சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"என்ன அண்ணே இது அநியாயம்? எல்லாருக்கும் ஒரு நாடு குடுத்தீங்க, என் கடைக்கு எதுக்க மட்டும் தண்ணியா? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"நான் என்னம்மா பண்றது? படத்துல அப்படித்தான் இருக்கு. ஓரம் அது."

"என் கடை ஓரமா?" என்று அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள்.

ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் நிறம் வாங்கி முடிந்திருந்த ஒரு மதியம், மகனிடமிருந்து போன் வந்தது. தொட்டியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலர் அக்கா இடது கையால் போனை எடுத்தாள்.

"அம்மா, நாங்க நியூசிலாந்துல இருக்கோம். சரக்கு ஏத்தியாச்சு. நாளைக்குக் காலையில சிலிக்குக் கிளம்பறோம், தென் அமெரிக்காவுல. ரெண்டு வாரம் ஆகும். கப்பல் போன் பழுதாக் கிடக்கு, அதனால நடுவுல கூப்பிட முடியாது. பயப்படாதே."

"ரெண்டு வாரமா! நடுவுல எங்கயும் நிக்காதா?"

"நிக்கறதுக்கு எங்கம்மா இருக்கு? நாங்க போற பாதையில ஒரு ஊர் கிடையாது. குளிர்காலம் வேற, அலை கொஞ்சம் மோசமா இருக்கும்னு சொல்றாங்க. அப்பாகிட்ட சொல்லிடு."

எழுத்துக்காரர் சுவரைப் பார்த்து, "எந்த ஊருன்னு கேளு" என்றார். அவள் சொன்னாள். மனிதருக்கு உள்ளூரச் சந்தோஷம். உலகத்தையே வரைந்துகொண்டிருக்கிறவன் நான், என் மகன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டால் ஆயிற்று! கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

சந்தைத் தெருப் பக்கம் போனார். ஆசியாவின் கோடுகள் சாக்கட்டியில் தெளிவாக இருந்தன. கீழே ஆஸ்திரேலியா. அதற்கு வலது பக்கம் நீலத்துக்காக விட்ட இடம். அதைத் தாண்டி நடந்தார். அடுத்து வந்தது அமெரிக்கா. திரும்பி நடந்தார். மறுபடியும் ஆஸ்திரேலியா வந்தது. நியூசிலாந்து எங்கேயும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஏணி போட்டு மேலே ஏறியும் தேடினார். "என்ன அண்ணே, எதைத் தொலைச்சீங்க?" என்று சலவைக்கடை அம்மாள் கேட்டாள். அவர் கிடுகிடுவென்று பெயின்ட் டின்கள் இருந்த இடத்துக்கு ஓடினார்.

டின்னுக்கு அடியில் அந்தத் துண்டு கிடந்தது. மஞ்சளும் செங்கல் நிறமும் சொட்டுச் சொட்டாக அப்பிக்கிடந்தது. வேட்டியால் துடைத்தார். கீழே இரண்டு சின்னத் தீவுகள். பொடி எழுத்தில் நியூசிலாந்து. அதற்குப் பிறகு வெறும் நீலம், காகிதத்தின் விளிம்பு வரை.

அந்த விளிம்பைத்தான் மறுநாள் காலையில் அவர் மகன் தாண்டப் போகிறான். அவன் நிற்கிற மண்ணையும் போகப்போகிற தண்ணீரையும் இவர் ஒரே வெட்டில் வெட்டி டின்னுக்கு அடியில் போட்டிருக்கிறார். எழுத்துக்காரர் துண்டைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கலர் அக்கா வந்து துண்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. வாயாடி அவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரை ரொம்பச் சுட்டது.

தாம்புக்கயிறு மாதிரி நீளமாக யோசித்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். படத்தையும் துண்டையும் எடுத்துவந்து, துண்டைப் பழையபடி வலது ஓரமாக ஒட்டி விட்டுவிடவில்லை. படத்தை உருளையாகச் சுருட்டி, இரண்டு விளிம்புக்கும் நடுவில் துண்டை வைத்து ஒட்டினார். அப்போதுதான் அந்த மனிதர் முதல் தடவையாகப் பசிபிக் பெருங்கடலைப் பார்த்தார். அதுவரை அது அவருக்கு இரண்டு ஓரம். வலது பக்கம் கொஞ்சம் நீலம், இடது பக்கம் கொஞ்சம் நீலம். சேர்த்துப் பார்த்தால் அம்மாடி! உலகத்தில் வேறு எதுவும் அத்தனை பெரிதாக இல்லை. ஏழு கண்டத்தையும் பெயர்த்து எடுத்து அதற்குள் போட்டாலும் தண்ணீர் மிச்சம் இருக்கும் போலிருந்தது. மேலே பார்த்தால் அதைவிட அதிசயம். அவர் வெட்டி எறிந்த பனிக்காட்டு வால் ஆசியாவிலிருந்து நீண்டுவந்து அமெரிக்காவைத் தொடப்போகிற தூரத்தில் நின்றது. படத்தில் ஒன்று வலது கோடி, மற்றது இடது கோடி. நிஜத்தில் அடுத்தடுத்த வீடு.

"கோடியே இல்ல" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "நாமதான் கத்தரியை வெச்சு கோடியை உண்டாக்கறோம்."

உலகம் உருண்டை என்று அவருக்குத் தெரியாதா என்ன? சின்ன வகுப்பில் எல்லோரையும் போல அவரும் கத்திக் கத்திப் படித்ததுதான். தெரிந்தது மனதில் இறங்குவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இன்ஜினியருக்கு ஆள் போனது. அவர் வந்து, கேட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஏங்க கவலைப்படறீங்க? ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்துல ரெண்டு தீவைப் புள்ளி மாதிரி வெச்சுடுங்க. கடல் கொஞ்சம் சின்னதா இருந்தா யாருக்குத் தெரியப்போகுது? பின்தெரு அது. யாரு பார்க்கப் போறாங்க?"

தன் வாயில் தினமும் வருகிற வார்த்தையை இன்னொருத்தர் வாயில் கேட்டபோது எழுத்துக்காரருக்குச் சுருக்கென்றது.

"இல்ல சார். என் பையன் அதுல போயிட்டிருக்கான்."

"அப்ப வேற கடல் எதையாவது குறைச்சு இங்க சேர்த்துடுங்க."

"அதுல யாரு பையன் போறானோ" என்றாள் கலர் அக்கா.

ஒரு கடலுக்கு இடம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சின்னதாக்கவேண்டும், புதுக் கட்டம் போடவேண்டும், முடிந்துபோன ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் அழிக்கவேண்டும். திறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. எழுத்துக்காரர் மனைவியைப் பார்த்தார். ஆப்பிரிக்காவின் அந்த மஞ்சளைப் பிடிக்க அவள் எத்தனை தடவை கலந்து கொட்டினாள் என்று அவருக்குத் தெரியும். கேட்க வாய் வரவில்லை.

அவள் கேட்கவே விடவில்லை. வெள்ளை டின்னைத் திறந்து, ரோலரை முக்கி, ஏணியில் ஏறி, ஆப்பிரிக்காவின் நெற்றியில் முதல் இழுப்பை அவளே இழுத்தாள். "நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா உலகம் தானா அழியுமா? வாங்க!" என்று அங்கிருந்து ஓர் அதட்டல் போட்டாள்.

மறுநாள் காலையில், கப்பல் கிளம்பிய நேரத்தில், தொட்டி வெள்ளை வெளேரென்று நின்றது.

இந்தத் தடவை எழுத்துக்காரர் பெரிய தெருவில் தொடங்கவில்லை. பின்தெருவில் சலவைக்கடைக்கு எதிரே சாரம் கட்டினார். முதலில் கடல், மற்றதெல்லாம் அதன் பிறகு என்றார். கலர் அக்கா ஒரே நீலமாக அடித்தால் சுவர் மாதிரி இருக்கும் என்று பல நீலங்கள் கலந்தாள். கரையோரம் இளசு, நடுவில் போகப்போக ஆழம். ரோலர் போடாமல் பிரஷ்ஷாலேயே அடித்தார்கள். அடிக்க அடிக்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க அடித்துவிட்டு இறங்கிப் பார்த்தால், பாக்கி அப்படியே இருப்பது போலத் தோன்றும். ஒரு கண்டமென்றால் மலை வரும், ஆறு வரும், எல்லை வரும், கை மாறும். இதில் நீலத்துக்குப் பிறகு நீலம்தான். தோள் விட்டுப்போனது. 'வெறும் தண்ணி' எத்தனை பெரிது என்று அவருக்குத் தோள் வலியில்தான் தெரிந்தது.

கடல் பாதி வந்த ஒரு நாள் சலவைக்கடை அம்மாள் சும்மா தெருவைக் கடந்து வந்து தொட்டியின் அருகில் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். தொட்டி வளைந்து போவதால் ஆசியாவும் தெரியவில்லை, அமெரிக்காவும் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை. மேலே நீலம், கீழே நீலம்.

"அண்ணே, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "இத்தனை பெருசா? இதுக்குள்ளயா உங்க பையன் இருக்கான்?"

எழுத்துக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாளிலிருந்து அந்த அம்மாள், கடைக்கு வருகிறவர்களிடம், "உலகத்துலயே பெருசு எது தெரியுமா? என் கடைக்கு எதுக்க இருக்கறதுதான்" என்று அளக்க ஆரம்பித்தாள். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

கலர் அக்கா தினமும் காலையில் வேறு ஒரு வேலை செய்தாள். நியூசிலாந்திலிருந்து சிலிக்குப் போகிற வழியை ரெண்டு வாரத்துக்குப் பங்கு போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு முழம் என்று கணக்கு வைத்தாள். சாக்கட்டியால் கடலில் ஒரு புள்ளி. மறுநாள் அதைக் கையால் துடைத்துவிட்டு இரண்டு முழம் தள்ளி இன்னொரு புள்ளி. "இன்னைக்கு இங்க இருக்கான்" என்பாள். எழுத்துக்காரர் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரியே வேலை செய்வார். அவள் சாப்பிடப் போனதும் புள்ளிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். ஒரு தடவை அவர் அதைப் பார்த்து, "காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டதைச் சலவைக்கடை அம்மாள் தன் காதால் கேட்டிருக்கிறாள்.

புள்ளி கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவின் கரையை நெருங்கியது. ஒரு கை தூரம்தான் பாக்கி. அன்றைக்கு போன் வரவேண்டும். வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கப்பல் கம்பெனிக்கு போன் செய்தால், அந்தப் பக்கம் புயல், கப்பலிடமிருந்து தகவல் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். கலர் அக்கா புள்ளியை நகர்த்தவில்லை. "அவன் கூப்பிட்டாத்தான் கரை ஏத்துவேன்" என்றாள். பேச்சு நின்றுபோனது அவளுக்கு. சாரத்தில் நிற்கிறவளைக் கீழே போகிறவர்கள் கூப்பிட்டால் வெறுமனே கையை ஆட்டினாள். எழுத்துக்காரர் பைத்தியம் பிடித்த மாதிரி இரவு பகலாக வேலை செய்தார். ஆசியா முடிந்தது, ஐரோப்பா முடிந்தது, ஆப்பிரிக்கா முன்னைவிட நல்ல மஞ்சளில் எழுந்தது, அமெரிக்கா இரண்டும் வந்தன. எல்லாம் வந்தபிறகும் சிலிக்கு எதிரே, அந்தச் சாக்கட்டிப் புள்ளியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார்.

இன்ஜினியர் பார்வையிட வந்தார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள். முகமெல்லாம் பூரிப்போடு சுற்றி வந்தவர், பின்தெருவுக்கு வந்ததும் அந்த வெள்ளையைப் பார்த்தார்.

"இது என்னங்க, இங்க மட்டும் விட்டுட்டீங்க?"

கலர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சலவைக்கடை அம்மாள்தான் கடைக்குள்ளிருந்து, "கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றாள். இன்ஜினியருக்கும் விஷயம் தெரியும், நினைவு வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். சலவைக்கடை அம்மாளும் வெளியே வந்தாள். நாலு பேரும் அந்தச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றார்கள்.

"இவ்வளவு தூரமா?" என்றார் இன்ஜினியர், கடைசியில். "நான் படத்துல பார்த்தேன், ஆனா இப்படித் தெரியலையே."

அப்போதுதான் போன் அடித்தது. ஏதோ நீளமான எண். கலர் அக்காவின் கை நீலத்தில் தோய்ந்திருந்தது, போன் வழுக்கிக் கீழே விழுந்தது. எழுத்துக்காரர் குனிந்து எடுத்தார். பழக்கதோஷத்தில் அவளிடம் நீட்டப் போனவர், நீட்டவில்லை. காதில் வைத்தார்.

"அம்மா! கரைக்கு வந்துட்டோம்மா! புயலுக்கு ஒதுங்கி வடக்கே சுத்திக்கிட்டு வந்தோம், அதான் லேட்டு. பயந்துட்டியா? அம்மா, நடுக்கடல்ல ஒரு செவ்வாய்க்கிழமை முடிஞ்சு மறுநாளும் செவ்வாய்க்கிழமைன்னு சொன்னாங்க, நம்புவியா? தேதிக்கோடுன்னு ஒண்ணு இருக்காம், கிழக்கே போறப்ப அதைத் தாண்டினா ஒரே நாள் ரெண்டு தடவை வருமாம்! அம்மா? ஏம்மா பேச மாட்டேங்கறே?"

"நான்தாண்டா" என்றார் எழுத்துக்காரர்.

கலர் அக்கா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துவிட்டது. சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "சாப்பிட்டானான்னு கேளுங்க!" என்றாள்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்ப்பா." பையனின் குரல் உடைந்திருந்தது. அதை மறைக்கச் சிரித்துக்கொண்டே பேசினான். "நீங்க சொன்னது சரிதாம்ப்பா. நாள் கணக்கா ஒண்ணுமே இல்ல. ஒரு பறவைகூட இல்ல. வெறும் தண்ணி."

எழுத்துக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு இடது பக்கமும் வலது பக்கமும் கரை தெரியவில்லை. அவர் கையால் அடித்த நீலம் அத்தனையும் வெயிலில் மினுங்கியது.

"யாருடா சொன்னது வெறும் தண்ணின்னு?" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. "அது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்டா. நான் இங்கதான் நிக்கறேன்."

பிறகு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்து, அந்தக் கடைசி வெள்ளையை மூடினார்.